நீங்கள் கேட்டவை: கடல்பாசி நூடுல்ஸும் தொட்டுக்கொள்ளும் சாஸும்

கடல்பாசியைக் காய்ச்சி, உறையவைத்து, நூடுல்ஸ் போல நீளமாக வெட்டி, ஜில்லென்று வினிகர்–சோயா சாஸுடன் சாப்பிடும் 'டோகோரோடென்' பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். ஜப்பானியரின் கோடைக்காலத் தின்பண்டம் இது. படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில்.

நூடுல்ஸ் என்கிறீர்கள், மாவே சேர்க்கவில்லையே? ஜவ்வு மாதிரி இழுபடுமா?
— வாசகி, கும்பகோணம்

மாவு துளியும் கிடையாது. வடிவத்தை வைத்துத்தான் நூடுல்ஸ் என்கிறோம். இழுபடவும் செய்யாது. வாயில் வைத்தால் வழுக்கும், கடித்தால் நுங்கைவிடச் சற்று இறுக்கமாக, சட்டென்று அறுபடும். ஏறக்குறைய முழுக்க நீர்தான். 100 கிராமில் 2 கலோரி அளவுக்குத்தான் இருக்கும். இதற்கென்று தனிச் சுவையும் இல்லை. சாஸ் சரியாக அமையாவிட்டால் தட்டில் இருப்பது வெறும் குளிர்ந்த நீர்க்கட்டிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். டோகோரோடென் வழக்கமாக நிறமில்லாமல் கண்ணாடி போலத்தான் இருக்கும். வண்ணம் சேர்ப்பது நம் விருப்பம். தவறில்லை, ஆனால் அதற்கு முறை இருக்கிறது. கீழே வருகிறது.

சைனா கிராஸ் பாக்கெட்டில் போட்டிருந்த அளவுப்படியே செய்தேன். கத்தி வைத்தால் நொறுங்கிப்போகிறது. தூக்கினால் துண்டு துண்டாகிறது. எங்கே தவறு?
— வாசகர், திருநெல்வேலி

பாக்கெட்டில் இருக்கும் அளவு பெரும்பாலும் பால் புட்டிங்குக்கானது. கரண்டியில் எடுத்துச் சாப்பிட அந்த மென்மை போதும், நூடுல்ஸுக்குப் போதாது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் உறையவைக்கும் பொருள்தான் அகர்; சைனா கிராஸ் என்பதும் அதுவே. கலப்பில்லாத அகர் தூளாக இருந்தால் 500 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் எடுங்கள். நார்நாராக வரும் சைனா கிராஸ் என்றால் அதே தண்ணீருக்கு 8 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துவிடுங்கள். 1 கிராம் கூடினாலும் குறைந்தாலும் கடிக்கும்போதே தெரியும். தூள் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சர்க்கரையும் வாசனையும் கலந்த ஜெல்லி மிக்ஸ் இதற்கு உதவாது.

அளவு சரியாக இருந்தும் நொறுங்குகிறது என்றால், பெரும்பாலும் அகர் முழுதாகக் கரைந்திருக்காது. தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவி 5 நிமிடம் ஊறவிடுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். நாரை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது சிறிதாகக் கிள்ளிப் போடுங்கள். மிதமான தீயில் கிளறிக்கொண்டே கொதி வரவிடுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு தூளுக்கு 2 நிமிடம், நாருக்கு 5 முதல் 7 நிமிடம். ஓரத்தில் குமிழ் வந்ததுமே இறக்கினால் வேலை கெட்டது. கொதிநிலையை ஒட்டிய சூட்டில்தான் அகர் சரியாகக் கரையும். கரண்டியின் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஜவ்வரிசிக் குருணை மாதிரி புள்ளிகள் ஒட்டியிருந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரைக் கடைசியில் வெந்நீரால் ஈடுசெய்யுங்கள்.

தட்டில் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஃப்ரிட்ஜில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு தேக்கரண்டி கரைசலை விடுங்கள். 2, 3 நிமிடத்தில் உறைந்துவிடும். விரலால் ஓரத்தைத் தள்ளினால் மொத்தமாக நகர வேண்டும், வளைத்தால் உடனே பிளக்கக் கூடாது. கொழகொழவென்று இருந்தால் இன்னும் அரை கிராம் தூளைச் சிறிது தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்து மறுபடி கொதிக்கவிடுங்கள். பிஸ்கட் மாதிரி உடைந்தால் அகர் அதிகம், வெந்நீர் சேருங்கள்.

ஊற்றியபின் தட்டை அசைக்காதீர்கள். 40 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குள்தான் இது உறைகிறது. அந்த நேரத்தில் தட்டைத் தூக்கி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் உள்ளே விரிசல் விழும், அது பிறகு சேராது. சித்திரை வெயிலில் சமையலறையே 38 டிகிரி இருக்கும் ஊர்களில் மேடைமேல் வைத்து உறையக் காத்திருப்பதில் பயனில்லை. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, அதற்குள் தட்டை வைத்து, பிறகு கரைசலை ஊற்றுங்கள். நன்றாக இறுகிய பின் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

இடியாப்ப உரலில் பிழியலாமா?
— வாசகி, ஈரோடு

வேண்டாம். கூழாகத்தான் வரும். ஜப்பானில் இதற்கு 'டென்ட்ஸுகி' என்ற மரப்பெட்டி இருக்கிறது. சதுரக் குழல், ஒரு முனையில் கட்டம் கட்டமாகக் கம்பி, மறுமுனையில் தள்ளுகட்டை. உறைந்த கட்டியை உள்ளே வைத்துத் தள்ளினால் மெல்லிய கம்பிகள் அதை அறுத்து இழைகளாக வெளியே விடும். நம் அச்சில் ஓட்டைகளுக்கு நடுவே தகடு இருக்கிறது. மாவு அந்தத் தகட்டில் முட்டி, ஒதுங்கி, ஓட்டை வழியே வரும். ஜெல்லி ஒதுங்காது, நசுங்கிவிடும். தேன்குழல் அச்சும் அப்படித்தான்.

கத்தியே நல்லது. 20 செ.மீ. சதுரத் தட்டில் 250 மி.லி. ஊற்றினால் சுமார் 6 மி.மீ. கனத்தில் தகடாக உறையும். ஓரத்தைச் சுற்றி விரலால் லேசாகப் பிரித்து, ஈரப்பலகையில் கவிழ்த்துங்கள். நீளமான கத்தியைத் தண்ணீரில் நனைத்து, மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்குங்கள். முன்னும் பின்னும் இழுத்து அறுத்தால் ஓரம் பிசிறடிக்கும். அகலமும் 6 மி.மீ. இருந்தால் சதுர இழையாக வரும். அதைவிட மெல்லிதாக்கினால் எடுக்கும்போதே அறுந்துவிடும்.

பீட்ரூட், கீரை, சங்குப்பூ போட்டுச் செய்தேன். பீட்ரூட் பழுப்பாகிவிட்டது. கீரை பாசி நிறமாகிவிட்டது. சங்குப்பூ மட்டும் அழகாக நீலமாக வந்தது, சாஸில் தொட்டதும் அதுவும் ஊதாவாக மாறிவிட்டது!
— வாசகி, புதுச்சேரி

மூன்றுக்கும் மூன்று காரணம். பீட்ரூட்டின் சிவப்பு சூட்டைத் தாங்காது, கொதிக்கவிட்டால் மங்கிப் பழுப்பாகும். கீரையின் பச்சை நீண்ட சூட்டிலும் கெடும், புளிப்பிலும் கெடும். சங்குப்பூவின் நீலமோ புளிப்புக்கு ஏற்ப மாறும் சாயம். வினிகர் பட்டால் ஊதாவாகத்தான் ஆகும். அது பிழையே இல்லை. விருந்தினர் முன்னால் கிண்ணத்தில் தொட்டு நிறம் மாறுவதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல இழை கிடையாது.

முறை இதுதான்: அகரை முழுத் தண்ணீரில் காய்ச்சாதீர்கள். 5 கிராமை 300 மி.லி. தண்ணீரில் மட்டும் கொதிக்கவைத்து இறக்குங்கள். நிறச்சாறு 200 மி.லி. தனியாக, விரல் பொறுக்கும் சூட்டில் தயாராக இருக்கட்டும். கொதி அடங்கிய பின் இரண்டையும் கலந்து உடனே ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை அப்படியே ஊற்றினால் அது பட்ட இடத்தில் அகர் திரிதிரியாக உறைந்துவிடும். பலருக்கு 'முடிச்சு முடிச்சாக' வருவது இதனால்தான். எலுமிச்சை, புளி, அன்னாசி எதுவானாலும் இதே வழிதான். அகரோடு சேர்த்துப் புளிப்பைக் கொதிக்கவைத்தால் அதன் இறுகும் சக்தி போய்விடும்.

வினிகர் சாஸுக்குப் பொருத்தமான நிறம் பீட்ரூட். புளிப்பில் அதன் சிவப்பு கெடுவதில்லை. 50 கிராம் துருவலை 200 மி.லி. வெதுவெதுப்பான நீரில் பிசைந்து மெல்லிய துணியில் வடித்தால் போதும். சங்குப்பூ 12, அதே அளவு வெந்நீரில் 10 நிமிடம். கீரையை 30 விநாடி வெந்நீரில் முக்கி, குளிர்ந்த நீரில் போட்டு, அரைத்து வடியுங்கள். சாஸில் ஊறவிடாமல் தொட்டதும் சாப்பிடுங்கள். கேரட்டின் நிறமும் மஞ்சளின் நிறமும் தண்ணீரில் கரைவதில்லை, துகளாக மிதந்து அடியில் தங்கும். இந்த இரண்டுக்கும் மட்டும், கலந்தபின் கிளறிக்கொண்டே ஆறவிட்டு, 45 டிகிரி வாக்கில், கைக்கு வெதுவெதுப்பாக, சற்றே கெட்டிப்படத் தொடங்கும்போது ஊற்றுங்கள். துகள் கீழே இறங்குவதற்குள் உறைந்துவிடும்.

வெட்டிய இழைகளை நிறவாரியாகத் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒன்றாகப் போட்டால் சில மணி நேரத்தில் பீட்ரூட் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

சாஸ் வெறும் காடியாக அடிக்கிறது. ஜப்பானில் எப்படிச் செய்கிறார்கள்? சைவமாகச் செய்ய முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

நான்கு பேருக்கு: அரிசி வினிகர் 3 மேஜைக்கரண்டி, சோயா சாஸ் 2, சர்க்கரை 1, 'தாஷி' என்ற வடிசாறு 4. காடி நெடி அடிப்பதற்கு இந்த வடிசாறு இல்லாததுதான் காரணம். செயற்கை வினிகர் சேர்த்திருந்தால் நெடி இன்னும் கூடும். அரிசி வினிகர் கிடைக்காவிட்டால் செயற்கை வினிகர் 2 மேஜைக்கரண்டியும் தண்ணீர் 1 மேஜைக்கரண்டியுமாக மாற்றிக்கொள்ளுங்கள். சோயாவில் தண்ணீர் போல மெல்லியதாக ஓடும் வகையை வாங்குங்கள். கருப்பாகக் குழம்பு மாதிரி இருப்பது இதற்கு ஆகாது.

சைவ வடிசாறுக்கு உலர்ந்த ஷிடாகே காளான் 3ஐ 300 மி.லி. குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஃப்ரிட்ஜில் ஊறவையுங்கள். அசைவர்களுக்கு இன்னும் நல்ல வழி கையருகே இருக்கிறது. ஜப்பானில் கொச்சி மாநிலத்தில் டோகோரோடென்னை வினிகரில் அல்ல, மீன் வடிசாற்றில் இஞ்சி துருவிப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அந்தச் சாற்றுக்கான மீன் சூரை, காய்ச்சிப் புகையூட்டி உலர்த்தியது. நம் கடற்கரை ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாசிக்கருவாடும் சூரைதான். 10 கிராம் மாசியை இடித்து, 300 மி.லி. தண்ணீரில் 2 நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு வடியுங்கள். அதற்குமேல் விட்டால் கசக்கும்.

வடிசாறு, சோயா, சர்க்கரை மூன்றையும் சூடாக்கிக் கரைத்து, இறக்கிய பிறகு வினிகரைச் சேர்த்துக் குளிரவையுங்கள். மேலே வறுத்த எள், நோரி பாசித்துண்டு, ஓரத்தில் கடுகு விழுது. ஜப்பானியர் 'கராஷி' என்பது நம் வீட்டுக் கடுகின் இனமே. தாளிக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி கடுகுத்தூளை வெதுவெதுப்பான நீரில் கெட்டியாகக் குழைத்து 10 நிமிடம் மூடிவையுங்கள். திறந்ததும் மூக்கில் ஏற வேண்டும். கொதிநீரோ வினிகரோ முதலிலேயே ஊற்றினால் அந்தக் காரம் பிறக்காது.

ஒசாகா, கியோட்டோ பக்கம் இதே இழைக்குக் கருஞ்சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். நமக்குக் கருப்பட்டிப் பாகு அதற்கு மிக நெருக்கம்.

சாஸ் ஒட்டவே மாட்டேன் என்கிறது, கிண்ணத்தில் தண்ணீர் தேங்குகிறது. சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீஸரில் வைத்தது பஞ்சாகிவிட்டது.
— வாசகி, மதுரை

அகர் கட்டி தானாகவே சிறிது நீர் கசியும், வெட்டிய பின் இன்னும் கசியும். பரிமாறும் முன் சல்லடையில் 5 நிமிடம் வடியவிட்டு, சாஸைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். இழைமேல் ஊற்றிவைத்தால் பத்து நிமிடத்தில் நீர்த்துவிடும். சாஸ் ஒட்ட வேண்டுமென்றால் அரை தேக்கரண்டி சோளமாவைக் கரைத்து, வினிகர் சேர்க்குமுன் ஒரு கொதி விடுங்கள்.

ஃப்ரீஸர் மட்டும் கூடாது. உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, அதைப் பிடித்துவைத்திருக்கும் அகரின் வலைபோன்ற பின்னலைக் கிழித்துவிடும், உருகும்போது நீர் வெளியேறிப் பஞ்சுதான் மிஞ்சும். சைனா கிராஸ் பிறந்ததே இந்த விபத்தில்தான் என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், கியோட்டோவை அடுத்த ஃபுஷிமியில் மினோ தாரோஸாஎமொன் என்ற விடுதிக்காரர் மிஞ்சிய டோகோரோடென்னைக் குளிர்காலத்தில் வெளியே போட்டாராம். இரவில் உறைந்து, பகலில் உருகி, நாட்கணக்கில் காய்ந்து அது வெள்ளைச் சருகாகிவிட்டது. தண்ணீரில் காய்ச்சினால் மறுபடி உறைந்தது. அதுதான் 'கன்டென்', அதாவது நம் சைனா கிராஸ். நீங்கள் ஃப்ரீஸரில் வைத்ததும் வீணாகவில்லை. பிழிந்து, திரும்பக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலேயே இதைச் செய்யலாமா?
— வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

செய்யலாம். ஜப்பானில் டோகோரோடென்னுக்கு எடுக்கும் 'டெங்குசா'வும் மன்னார் வளைகுடாவின் மரிக்கொழுந்தும் நெருங்கிய உறவு. இரண்டிலிருந்தும் இறுக்கமான அகர் கிடைக்கும். அதே கடலில் கிடைக்கும் மற்றப் பாசிகளில், கஞ்சிப்பாசியில் வருவது இதைவிடத் தளர்வு. கட்டைக்கோரையில் அகரே இல்லை.

மணல், சிப்பித்தூள் போக நன்னீரில் அலசி, வெயிலில் காயவைத்து, திரும்ப நனைத்துக் காயவையுங்கள். சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறம் வரும்வரை நான்கைந்து முறை செய்தால் கடல் வாடையும் குறையும். ஜப்பானிய அளவு: காய்ந்த பாசி 50 கிராம், தண்ணீர் 2 லிட்டர், வினிகர் 1 மேஜைக்கரண்டி. சிறுதீயில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் காய்ச்சி, சூட்டோடு துணியில் வடிக்க வேண்டும். மேலே புளிப்பைக் கொதிக்கவிடாதீர்கள் என்றோம், இங்கே வினிகர் ஏன்? பாசியின் கெட்டியான சுவரைத் தளர்த்தி அகரை வெளியே விடத்தான். ஒரு கரண்டிக்குமேல் போனால் அதே வினிகர் அகரையும் கெடுக்கும். பாசியின் தரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் குளிர்ந்த தட்டுச் சோதனையைச் செய்யாமல் ஊற்றாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள், குழந்தைகள் சாப்பிடலாமா? எத்தனை நாள் வைக்கலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

இழையில் மாவுமில்லை சர்க்கரையுமில்லை. கவனம் வேண்டியது சாஸில். ஒரு மேஜைக்கரண்டி சோயாவில் சுமார் 900 மி.கி. சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊற்றிக்கொள்ளாமல் தொட்டு மட்டும் சாப்பிடட்டும். அகர் நார்ச்சத்து என்பதால் நிறையத் தண்ணீர் குடியுங்கள். சிறு குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் நீள இழையாகக் கொடுக்காதீர்கள். வழுக்கித் தொண்டைக்குள் இறங்கிவிடும், பொடியாக நறுக்கிக் கொடுங்கள். மீதியைக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜில் 2, 3 நாள் வைக்கலாம், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வண்ண இழை அன்றைக்கே தீரட்டும். நீரில் போட்டால் சாயம் இறங்கிவிடும்.