மீட்டிங்கில் மூச்சு முட்டுவது பற்றி

கோவையிலிருந்து தினமும் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறேன், மீட்டிங்கில் மலையாளத்தில் பேசச் சொன்னாலே நெஞ்சு படபடக்கிறது, ஆழமாக மூச்சு இழுத்தால் தலை சுற்றி விரல் நுனி மரத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த இழுப்பில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறோம், இன்னும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இதே சுற்றலும் மரமரப்பும் வரும்.

வெளியே விடுவதைக் கவனியுங்கள். மூக்கால் நாலு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, சூடான கட்டன் சாயாவை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். தோள் ஏறக்கூடாது, வயிறுதான் அசைய வேண்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தானாகவே கொஞ்சம் தணியும்.

மீட்டிங் அன்று மட்டும் செய்தால் கைகொடுக்காது. பஸ் வாளையாறு தாண்டியதும் தொடங்கி கஞ்சிக்கோடு வரும் வரை தினமும் செய்யுங்கள், பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. (என் மலையாளமும் பாதி தமிழ்தான், இதுவரை யாரும் சிரித்ததில்லை.)

அப்புறம், மீட்டிங்குக்குப் பயந்து லீவு போடுகிற அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.