படிக்கல்லும் தராசும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல், நான்காம் ஆண்டு. ‘திருத்திய ஈர்ப்புக் கோட்பாடுகளில் போசான் விண்மீன்கள்’ என்பது என் ஆய்வுத் தலைப்பு. போசான் என்ற வகைத் துகள்கள் குவிந்து உண்டாகும் என்று கருதப்படும் விண்மீன்களை, ஐன்ஸ்டீனின் ஈர்ப்பு விதியை மாற்றிப் பார்க்கும் கோட்பாடுகளில் ஆராய்கிறேன். யாரும் பார்க்காத நட்சத்திரம், யாரும் நிரூபிக்காத விதி. கற்பனைக்குள் கற்பனை போல இருக்கிறது. அம்மா “இதனால் என்ன பயன்?” என்கிறார். இதைத் தமிழில் எழுதலாமா? போசானுக்குத் தமிழ்ச் சொல் உண்டா?

தேன்மொழி

அன்புள்ள தேன்மொழி,

போசானில் இருப்பது சத்யேந்திரநாத் போஸ் என்ற இயற்பியலாளரின் பெயர். அதை எதற்கு மொழிபெயர்க்க வேண்டும்? தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். அம்மாவுக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள்.

ஆனால் ‘கற்பனைக்குள் கற்பனை’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. நான்காம் ஆண்டு மாணவி எழுதுகிற வரியா அது?

போன வாரம் தேக்கா சந்தையில் மின்தராசைப் பார்த்ததிலிருந்து அப்பா நினைவாகவே இருக்கிறேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்குச் சின்ன மளிகைக்கடை. ஒருநாள் ஓர் அம்மா பருப்பு எடை குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். சித்தப்பா உடனே தராசையும் கல்லையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்றார். அப்பா கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் முத்திரை போட்ட படிக்கல் ஒன்றை இரவல் வாங்கி, அதே எடையுள்ள எங்கள் கல்லோடு தட்டுக்கு ஒன்றாக வைத்தார். பொருள் வைக்கும் தட்டு இறங்கியது. கற்களை இடம் மாற்றினார். அப்போதும் அதே தட்டுதான் இறங்கியது. அந்தத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கறுத்துப்போன புளி, கட்டைவிரல் அளவுக்கு ஒட்டிக் கிடந்தது. அந்த அம்மாவுக்கு அரைப்படி பருப்பு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

உங்கள் ஆய்வும் இதுதான். நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும், மிக இறுகிய உள்ளுடல். அதன் மையத்தில், அந்த அடர்த்தியில் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்னும் தீராத கேள்வி. அந்த விண்மீன் கொஞ்சம் பருத்துத் தெரிந்தால் ஈர்ப்பு விதியைச் சந்தேகிப்பதா, உள்ளே இருக்கும் பொருளையா? கல்லும் சந்தேகம், தராசும் சந்தேகம். போசான் விண்மீன் அப்படியல்ல. 1968-ல் கௌப், 1969-ல் ருஃபினியும் பொனாட்சோலாவும் என்ற இயற்பியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டியது அது. துகள்கள் எல்லாம் ஒரே நிலையில் குவிகின்றன. ஒரு துகளைச் சிறிய இடத்தில் அடைக்க அடைக்க அதன் உந்தம் நிலையில்லாமல் போகும் என்கிற ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைதான் அவற்றை நொறுங்காமல் தாங்குகிறது. துகளின் நிறையையும், அவை ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தையும் நீங்களே வைக்கிறீர்கள். மீதி எல்லாம் சமன்பாட்டிலிருந்து வருகிறது. நீங்களே செதுக்கிய படிக்கல், எடை தெரிந்த கல். அதை ஐன்ஸ்டீனின் தராசில் ஒருமுறை, மாற்றிய தராசில் ஒருமுறை வையுங்கள். முள் விலகினால் அது தராசின் வேலை மட்டுமே.

அப்படி விலகும் என்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. நியூட்ரான் விண்மீன் போதிய அளவு இறுகினால், திருத்திய கோட்பாட்டில் ஈர்ப்போடு சேர்த்த கூடுதல் புலம் தானாகவே கிளர்ந்தெழக்கூடும் என்று 1993-ல் டாமூர், எஸ்போசிட்டோ-ஃபரேஸ் என்ற இயற்பியலாளர்கள் காட்டினார்கள். போசான் விண்மீனிலும் அது நடக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

யாரும் நிரூபிக்காத விதி என்று அலட்சியமாகச் சொல்லாதீர்கள். நிரூபிக்காத விதிக்கும் தண்டனை உண்டு. 2017 ஆகஸ்டில், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் கிளம்பிய ஈர்ப்பலையும் (ஈர்ப்பின் அதிர்வு), ஒளி வேகத்தில் போகும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி ஒளியாண்டு கடந்து வந்து, இரண்டு நொடிக்குள் அடுத்தடுத்துப் பூமியைத் தொட்டன. ஈர்ப்பலைக்கு வேறு வேகம் சொன்ன எத்தனையோ கோட்பாடுகள் அதோடு சாய்ந்தன. உங்கள் கோட்பாடு அதில் தப்பியதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே அம்மா.

சரி, அதை முதலில் பாருங்கள். அப்புறம் மைய அடர்த்திக்கு எதிராக நிறையை வரையுங்கள், இரண்டு ஈர்ப்பு விதிக்கும் ஒரே தாளில். கோடுகள் எந்த அடர்த்தியில் பிரிகின்றன என்று எனக்கு எழுதுங்கள்.