ஐபாட் ப்ரோவுக்கு ஒரு லட்சம் போடலாமா? புடவை டிசைன் வரைகிறவனின் பதில்

கேட்டவர் கும்பகோணத்தில் கவின் கலை படிக்கிறார். பட்டுப்புடவை டிசைன் பக்கம் போக ஆசையாம். ஐபாட் ப்ரோ வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்டிருக்கிறார், அந்த விலைக்குத் தகுமா என்பது கேள்வி.

நான் திருபுவனம். அப்பா காலத்திலிருந்து புடவைக்கு டிசைன் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. 2024 மே மாதம் வந்த, எம்4 சிப் உள்ள ஐபாட் ப்ரோ, 11 அங்குலம், என்னிடம் இருக்கிறது. இப்போது எம்5 வந்துவிட்டது, ஆனால் நான் சொல்லப்போகும் விஷயங்களில் அதனால் பெரிய மாற்றம் இல்லை.

முதலில் காசு. எம்4 வந்தபோது 11 அங்குலம் 99,900 ரூபாய், 13 அங்குலம் 1,29,900. திரையில் வரைகிற ஆப்பிள் பென்சில் ஐபாடோடு வராது, தனியாக 11,900. கீபோர்டும் வேண்டுமென்றால் இன்னொரு 29,900. வீட்டில் 'ஒரு லட்சம்' என்று சொல்லியிருந்தால் இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள். கீபோர்டு வேண்டவே வேண்டாம்; நாம் வரைகிறவர்கள்.

பென்சில் விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். கடையில் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று இரண்டாம் தலைமுறைப் பென்சிலைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் இணையவே இல்லை. எம்4 ப்ரோவுக்குப் பென்சில் ப்ரோ வேண்டும், அல்லது யுஎஸ்பி-சி பென்சில். இரண்டாவதில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது, அதனால் நமக்கு அது ஆகாது. மாற்றித் தரச் சொல்லி மூன்று நடை நடந்தேன்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். வரைகிற சுகம் உண்மை. திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கிறது, கோடு பென்சில் முனையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பென்சிலை விரலில் உருட்டினால் தூரிகையும் திரும்பும். யாளியின் பிடரி மயிரைச் சுழித்து இழுக்க அது அருமை. ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலியை ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. அதில் சிமெட்ரி போட்டுவிட்டால் அன்னத்தின் ஒரு பாதியை வரையும்போதே மறுபாதியும் எதிரில் எழுந்து வரும். தாராசுரம் போய்க் கல்லில் இருக்கும் கொடிக்கருக்கைப் படம் எடுத்து வந்து, அதன் மேல் ஒரு லேயர் போட்டு இழுத்துப் பாருங்கள். அப்பா மூன்று நாள் உட்கார்ந்து போட்ட வேலை ஒரு காலைப் பொழுதில் முடிகிறது.

அப்பா ஒருநாள் பென்சிலை வாங்கி இரண்டு கோடு இழுத்தார். "என்னடா இது, கை வழுக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கிராப் தாளில் சிவப்பு மையால் கட்டம் கட்டமாக நிரப்பி, தப்பானதைப் பிளேடால் சுரண்டி எடுத்துப் பழகியவர். அவருக்காகக் காகிதம் போலச் சொரசொரப்பு தரும் ஃபிலிம் ஒட்டினேன். கை நின்றது. ஆனால் திரையின் பளிச்சு மங்கியது, பென்சில் முனையும் சீக்கிரம் தேய்ந்தது. திரைக்காகத்தான் இவ்வளவு காசு. அதன் மேல் நாமே திரை போட்டு மூடுவதா என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

இனி தறிக்கு வருவோம். உங்களுக்கு முக்கியமானது இதுதான், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

டிசைனுக்கு ஏற்பப் பாவு நூலை, அதாவது நீள நூலை, தூக்கிக் கொடுக்கும் தறிப்பொறிதான் ஜக்கார்டு. அதற்கு டிசைன் என்பது கட்டம். குறுக்கே ஒரு கட்டம் என்பது பாவைத் தூக்கும் ஒரு கொக்கி, மேலே ஏறும் ஒவ்வொரு வரிசையும் ஊடை (குறுக்கு நூல்) ஒரு முறை ஓடுவது, அதற்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது. தறிக்கு அரை ஓட்டை கிடையாது. ஆனால் டேப்லெட் தூரிகைகள் கோட்டின் ஓரத்தை மென்மையாக்கக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் கட்டங்களைப் போட்டுவிடும். கண்ணுக்கு அழகு, அட்டைக்கு ஆபத்து. 240 கொக்கிக்கு ஒரு கரை வரைந்து பெரிதாக்கிப் பாருங்கள். மயிலின் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் கட்டங்கள் எறும்பு மொய்த்த மாதிரி நிற்கும். தூரிகை அமைப்பில் ஓர மென்மையை அணைக்கலாம், படத்தைச் சுருக்கும்போது நிறங்களைக் கலக்காத 'நியரஸ்ட் நெய்பர்' முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படியும் கடைசித் திருத்தம் ஜக்கார்டு மென்பொருளில்தான். எங்கள் பக்கம் பயன்படுத்துவது விண்டோஸில் மட்டும் ஓடும், படக் கோப்பும் பிஎம்பி வடிவில் கேட்கும். ப்ரோகிரியேட் பிஎன்ஜி தரும், பிஎஸ்டி தரும், பிஎம்பி தராது. ஆக மாற்றுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

நிறத்தில் இன்னொரு வம்பு. ஓலெட் திரையில் கறுப்பு நிஜமாகவே கறுப்பு, அரக்கு நெருப்பு மாதிரி எரிகிறது. ஒரு முகூர்த்தப் புடவைக்கு மயில்கழுத்து நிறத்தைத் திரையில் காட்டினேன், வந்தவர்கள் மயங்கிப்போய் உடனே சரி என்றார்கள். புடவை இறங்கியதும் "அன்னைக்குக் காட்டினது இது இல்லையே" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மயில்கழுத்து என்பது பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். புடவையை அசைக்கும்போது நீலம் பச்சையாக ஓடும். திரை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நிறம்தான். இப்போது டிசைனைத் திரையில் காட்டுகிறேன், நிறத்துக்குச் சாயம் போட்ட நூல் கழியை வெயிலில் பிடித்துக் காட்டுகிறேன்.

நம் ஊருக்கென்று சில குறைகள் உண்டு. ஐபாட் 35 டிகிரி வரையில்தான் பயன்படுத்த ஏற்றது என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைத் தறிக்கூடத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. சூடு ஏறினால் திரை தானே மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். பழுது என்று பதற வேண்டாம், நிழலில் வைத்தால் சரியாகிவிடும். தண்ணீர்ப் பாதுகாப்புத் தரச்சான்று ஐபாடுக்குக் கிடையாது. ஐப்பசி அடைமழையில் வண்டியில் எடுத்துப்போக வேண்டியிருந்தால் சாம்சங் டேப் எஸ்9-ஐயும் பாருங்கள். அதற்கு ஐபி68 என்ற தண்ணீர், தூசிப் பாதுகாப்புச் சான்று உண்டு, பேனாவும் பெட்டியிலேயே வருகிறது. ஆனால் ப்ரோகிரியேட் அதில் கிடைக்காது. அப்புறம், எம்4-லிருந்து மொபைல் இணையம் உள்ள வகையில் சிம் துளையே இல்லை, அட்டை இல்லாத இ-சிம் மட்டும்தான். போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டால் அந்தச் செலவே மிச்சம்.

எடை 444 கிராம்தான், கரண்ட் போனாலும் பகல் முழுக்க வரையலாம். அதில் குறையே சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், படிக்கிற பிள்ளைக்கு ஐபாட் ஏர் போதும். எம்2 ஏர் வந்தபோது 11 அங்குலம் 59,900. திரை ஓலெட் இல்லை, 120 இல்லை, சேமிப்பு 128 ஜிபி. ஆனால் அதே பென்சில் ப்ரோ, அதே ப்ரோகிரியேட். யாளி இரண்டிலும் ஒரே யாளிதான். மிச்சமாகும் 40,000 ரூபாயில் செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் லேப்டாப் ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் அப்போது அதைச் செய்யாததால் இன்றைக்கும் டிசைன் முடிந்ததும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.