ட்ரோன் காலத்தில் தாக்குதல் ஹெலிகாப்டர் எதற்கு? தென்னாப்பிரிக்காவின் ரூய்வால்க் வீண் செலவுதானே?

உக்ரைன் போர் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை பட்டு ஹெலிகாப்டர் எரிந்து விழுவதைப் பார்த்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். அதில் தப்பில்லை. ஆனால் ‘வீண் செலவு’ என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தச் செலவில் என் கையெழுத்தும் கொஞ்சம் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பைலட் இல்லை, ராணுவத்தில் இருந்தவனும் இல்லை. போரைக் கொண்டாடுகிறவனும் இல்லை. அப்படி யாராவது கமெண்டில் எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூரில் டூல் ரூமில் வேலை கற்று, 2006ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் கெம்ப்டன் பார்க்கில் ஒரு சின்னப் பட்டறையில் தரப் பரிசோதகனாகச் சேர்ந்தேன். விமான பாகங்களைக் கடைந்து கொடுக்கும் இடம். பெயர் வேண்டாம். ரூய்வால்க் ஹெலிகாப்டருக்கான சில பிராக்கெட்டுகளும், அதாவது பாகங்களைப் பிடித்து நிறுத்தும் உலோகத் தாங்கிகளும், எங்களிடம் வந்தன.

எங்கள் ஃபோர்மேன் ஒரு வயதான ஆப்பிரிக்கானர், டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர். அவரை எல்லோரும் ‘ஊம்’ என்று கூப்பிடுவோம். அவர்கள் பேச்சில் மாமா என்று அர்த்தம். நான் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, எல்லாம் சரி என்று எழுதி வைத்த பிராக்கெட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு துளையின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்று தடவுவார். ஒரு நாள் நகம் எங்கோ தட்டியது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மயிரிழை அளவு பிசிறு. அளவெல்லாம் கச்சிதமாக இருந்தும் அதை ஒதுக்கி வைத்தார். ஹெலிகாப்டர் பறக்கிற நேரமெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கிற இயந்திரம். ஒவ்வொரு பாகமும் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை குலுங்கும். அந்தப் பிசிறிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இன்றைக்கும் எந்தப் பொருளை வாங்கினாலும் என் கட்டைவிரல் தானாக விளிம்புக்குப் போகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2018 செப்டம்பரில் பிரிட்டோரியா அருகே வாட்டர்க்ளூஃப் தளத்தில் நடந்த விமானக் கண்காட்சிக்கு மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். ரூய்வால்க்கை நேருக்கு நேர் முன்னால் நின்று பார்த்தால் அது எவ்வளவு ஒல்லி என்பதுதான் முதலில் கண்ணில் படும். இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காமல் ஒருவர் பின் ஒருவராக வைத்திருக்கிறார்கள். முன்னால் ஆயுதங்களைப் பார்ப்பவர், பின்னால் சற்று உயரத்தில் பைலட். எதிரே இருந்து சுடுபவனுக்குத் தெரியும் பரப்பு குறைகிறது. 1960களில் வந்த அமெரிக்கக் கோப்ராவிலிருந்து அவர்களுடைய அப்பாச்சி, நம் ஊர் பிரசண்ட் வரைக்கும் இதே கணக்குதான். மூக்குக்கு அடியில் 20 மில்லிமீட்டர் துப்பாக்கி. ஹெல்மெட்டோடு இணைத்திருப்பதால் தலை திரும்பும் பக்கம் அதுவும் திரும்பும். இரு பக்கமும் குட்டை இறக்கைகள். அவற்றில் ராக்கெட்டுகளும் ஏவுகணைகளும் தொங்கும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. காட்டில் ஒரு வெட்டவெளியில் இறக்கிவிட்டு, அடிப்படை உதிரி பாகங்களோடு ஒரு சரக்கு ஹெலிகாப்டரும் நாலு மெக்கானிக்குகளும் இருந்தால் போதும், நாள்கணக்கில் ஓட்டலாம் என்று திட்டமிட்டுச் செய்தது அது. ஓரிக்ஸ் சரக்கு ஹெலிகாப்டரில் இருக்கும் அதே மக்கிலா இன ஜோடி எஞ்சின்தான் இதிலும். கண்ணாடி போட்ட விமானக் கொட்டகை கேட்காத இயந்திரம்.

மாமனார் கிட்டேயே வரவில்லை. தள்ளி நின்று, “இத யாருக்காகப் பண்ணினாங்க தெரியுமா மாப்பிள்ளை?” என்றார். எனக்குத் தெரியும். 1977ல் தென்னாப்பிரிக்காவுக்கு ஐ.நா. ஆயுதத் தடை போட்ட பிறகு, அங்கோலாவில் நடத்திய போருக்காக அன்றைய நிறவெறி அரசு 1984ல் தொடங்கிய வேலை. 1990 பிப்ரவரியில் முதலில் பறந்தபோது அந்தப் போரே முடிந்துவிட்டது. விமானப்படையில் சேர்ந்தது 1999ல், புதிய நாட்டின் கொடிக்குக் கீழே. மாமா ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேசியாவில் வளர்ந்தவர். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று 1891ல் போட்ட சட்டம் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. டர்பனுக்குக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் அந்த மாகாணத்து ஹாரிஸ்மித்தில் கார் நின்றுபோக, பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லி ஒரு போலீஸ்காரன் நிற்க வைத்துக் கத்தினானாம். மாமாவின் அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக்கூடப் பிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்தக் கோபத்துக்கு முன்னால் என் பிராக்கெட் பெருமையை நான் பேசவில்லை.

இப்போது ‘வீண்’ என்பதற்கு. 2013 நவம்பர் 4. காங்கோவின் கிழக்கே எம்23 கிளர்ச்சிப்படை மலை உச்சிகளில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருந்தது. ஐ.நா. படையோடு போயிருந்த ரூய்வால்க்குகள் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளால் அந்தக் குழிகளை அடித்தன. அதுதான் அந்த ஹெலிகாப்டரின் முதல் போர். மறுநாள் எம்23 ஆயுதப் போராட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஹெலிகாப்டர் மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்லவில்லை; தரையில் காங்கோ படையும் மற்ற நாட்டு வீரர்களும் இருந்தார்கள். ஆனால் தரையில் இருப்பவன் கூப்பிட்ட நேரத்தில் வந்து, மலைச்சரிவில் தாழ்ந்து நின்று, எது எதிரி எது நம் ஆள் என்று பார்த்துச் சுடுவதுதான் தாக்குதல் ஹெலிகாப்டரின் வேலை.

தனியாக எதிரி எல்லைக்குள் அனுப்பினால் அடி வாங்கும், அதை மறுக்கவில்லை. 2003 மார்ச்சில் இராக்கின் கர்பலா அருகே அமெரிக்கர்கள் சுமார் 30 அப்பாச்சிகளை அப்படி அனுப்பினார்கள். ஏறக்குறைய எல்லாமே குண்டு பட்டுத் திரும்பின, ஒன்று அங்கேயே இறங்க வேண்டியதாகி இரண்டு பேர் பிடிபட்டார்கள். ட்ரோன்கள் அந்த ஆபத்தை இன்னும் கூட்டியிருக்கின்றன. ஜப்பான் 2022ல் தாக்குதல் ஹெலிகாப்டர்களைக் கைவிட்டு ட்ரோன்களுக்கு மாற முடிவெடுத்தது. அவர்கள் நிலைமை அவர்களுக்கு. சிக்கிய படைக்கு மேலே அரை மணி நேரம் சுற்றிக் காவல் காக்கும் மலிவு ட்ரோன் எதையும் நான் பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால் வீண் நடந்தது வேறு இடத்தில். மொத்தம் 12தான் செய்தார்கள். 2005ல் ஒன்று விபத்தில் போனது, மிச்சம் 11. வெளிநாட்டில் ஒருவரும் வாங்கவில்லை. ஆர்டர் வராவிட்டால் பட்டறைக்கு வேலை ஏது? எங்கள் இடத்தில் சம்பளம் முதலில் பத்து நாள் தள்ளியது, அப்புறம் ஒரு மாதம், அப்புறம் பாதி. எனக்கு இன்னும் மூன்று மாதப் பாக்கி வரவேண்டும். ஊம் ஓய்வு பெற்றுப் போனபோது அந்த நக வித்தையைக் கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட இல்லை. கற்றிருந்த நாங்களும் வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறினோம். நான் இப்போது பம்ப் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன்.

2025 ஜனவரியில் அதே எம்23 கிழக்குக் காங்கோவின் கோமா நகரைப் பிடித்தது. அந்தச் சண்டையில் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் செத்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு ரூய்வால்க்கும் இல்லை. அன்றைக்கு ராத்திரி மாமாவிடமிருந்து போன். நலம்கூட விசாரிக்கவில்லை.

“மாப்பிள்ளை, நம்ம ஹெலிகாப்டர் எங்க?”

‘நம்ம’ என்று அவர் சொல்லி அப்போதுதான் கேட்கிறேன்.

“ஃப்ரீ ஸ்டேட்டில் நிக்குது மாமா, ப்ளூம்ஃபோன்டெய்ன் தளத்துல” என்றேன்.