காயலாங்கடைக்கு வந்த ஈய உருளை: வெட்டலாமா?
அண்ணே, வெட்டாதீங்க! மூணு இறக்கை மாதிரி சின்னம் போட்ட கனமான ஈய உருளைன்னு சொல்றீங்க, அது கதிர்வீச்சு எச்சரிக்கை சின்னம், உள்ள கதிர்வீச்சு வீசுற பொருள் இருக்கலாம், ஈயம் தான் அந்த கதிர்வீச்சை வெளிய விடாம தடுத்து வச்சிருக்கும். 2010ல டெல்லி மாயாபுரில இதே கதை தான், யுனிவர்சிட்டி ஏலத்துல வித்த பழைய மெஷினை காயலாங்கடைல பிரிச்சாங்க, உள்ள கோபால்ட்-60ன்னு கதிர்வீச்சு வீசுற உலோகம், ஒருத்தர் செத்தே போயிட்டார்.

அதை நகர்த்தாம எல்லாரும் தள்ளி வந்துருங்க, யாரையும் கிட்ட விடாதீங்க, தொட்டவங்க டிரெஸ்ஸை கழட்டி கவர்ல கட்டி தனியா வச்சிட்டு சோப்பு போட்டு கழுவட்டும், அதுவரைக்கும் டீ, பீடி எதுவும் வேணாம். உடனே 112க்கு போன் பண்ணி சின்னத்தை சொல்லுங்க. அரக்கோணம் என்டிஆர்எஃப்ல (தேசிய பேரிடர் மீட்புப் படை) இதுக்கு டிரெய்னிங் எடுத்தவங்க இருக்காங்க. காசு போச்சேன்னு வித்தவன்கிட்ட திருப்பி அனுப்பிடாதீங்க. யாருக்காவது வாந்தி, கை சிவந்து போறதுன்னு இருந்தா டாக்டர்கிட்ட இந்த உருளை விஷயத்தையும் சொல்லணும், இல்லன்னா ஃபுட் பாய்சன்னு மாத்திரை குடுத்து அனுப்பிருவாங்க.