டெஹானுவைப் பாதியில் மூடியவருக்கு

அன்பின் அண்ணா,

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' மாயப்புனைவு வரிசையில் முதல் மூன்று நாவல்களையும் ஒரே மூச்சில் வாசித்தேன். நாலாவதான 'டெஹானு' பாதியில் நிற்கிறது. மந்திரவாதி கெட் சக்தி இழந்து ஆடு மேய்க்கிறான். மற்றப்படி குசினி, தோட்டம், பிள்ளை வளர்ப்பு. பேர் எடுத்த பிறகு அவவுக்குக் கற்பனை வற்றிவிட்டதா?

ச., ஊர்காவற்றுறை

அன்பின் ச.,

வற்றவில்லை. முதல் நாவல் 1968இல் வந்தது, மூன்றாவது 1972இல். 'டெஹானு' வந்ததோ 1990இல். இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 1974இல் 'த டிஸ்பொசெஸ்ட்' எழுதி, 1969இன் 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' போலவே அதற்கும் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் வாங்கினார். வேறொருவர் என்றால் அந்த இரண்டோடு காலத்தை ஓட்டியிருப்பார்.

முதல் நூலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். பெண்களின் மந்திரம் பலமில்லாதது, பொல்லாதது என்று கொன்ட் தீவில் ஒரு பழமொழி உண்டு. ரோக் தீவின் மந்திரவாதப் பள்ளியில் பெடியளுக்கு மட்டும்தான் இடம். வாசிக்கிற வேகத்தில் இதெல்லாம் கண்ணில் படாது. குறிகட்டுவானில் படகுக்கு நின்று பழகிய எங்களுக்கு அந்தக் கதையில் காற்றும் கடலுமே போதுமாக இருக்கும். லெ குவினுக்குப் போதவில்லை. பழைய நூலைத் திருத்தாமல் அதே உலகத்துக்குத் திரும்பிப்போய், ஒரு கமக்காரனின் விதவையுடைய அடுப்படியில் இருந்து அதைப் பார்த்தார். அந்த விதவை வேறு யாருமில்லை, இரண்டாம் நாவலில் கல்லறைகளின் பூசாரியாக இருந்த டெனார்தான்.

அவள் வளர்க்கும் பிள்ளை பெரியவர்களின் கொடுமையால் நெருப்பில் கருகியது. எந்த மந்திரமும் அதன் முகத்தைப் பழையபடி ஆக்காது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாளாந்தம் சமைக்க வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும், வெளியில் நிற்பவனுக்குப் பயப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கும் எனக்கு இந்தப் பக்கங்கள்தான் முழு வரிசையிலும் கனமானவை. வில்லன் தட்டையானவன், முடிவு அவசரம். அந்தக் குறைகள் எனக்கும் தெரிகின்றன.

'எர்த்சீயின் கடைசி நூல்' என்று இதற்குத் துணைத்தலைப்பு. 2001இல் இன்னும் இரண்டு வந்தன! (எழுத்தாளர்கள் சொல்லும் 'கடைசி'யை நம்பவேண்டாம், நான் சொன்னாலும்.) முடித்ததும் நேரே 'தி அதர் விண்ட்' நாவலுக்குப் போகாதீர்கள். அதற்கு முன் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' தொகுப்பில் உள்ள 'டிராகன்ஃப்ளை' கதையை வாசியுங்கள். ஒரு பெண் ரோக் பள்ளிக்குப் போய் இடம் கேட்கிறாள்.