உண்ணி இலைக் கசாயம் குடிக்கலாமா?

காய்ச்சலுக்கு உண்ணி இலைக் கசாயம் குடிக்கச் சொல்கிறார் அம்மிச்சி. சித்தர் வைத்தியம் என்று வாட்ஸ்அப்பிலும் வருகிறது. குடிக்கலாமா? (அந்தியூர்)

குடிக்க வேண்டாம். உண்ணிச்செடி (லேண்டானா) அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுச்செடியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சித்தர்கள் இதைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. நம் மலையோர மக்கள் பின்னாளில் பழகிக் கண்டதுதான் இந்த வைத்தியம். அதற்கும் மதிப்பு உண்டு. இலையைக் கொதிக்கவைத்து உடம்புக்கு ஊற்றுவார்கள், அரைத்துச் சிரங்கிலும் வெட்டுக்காயத்திலும் பூசுவார்கள். இலைச்சாறு சில கிருமிகளைத் தடுப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் தெரிகிறது. ஆனால் உள்ளுக்குப் போனால் கதை வேறு. இலையில் உள்ள லேண்டடீன் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். எந்தச் செடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்வையில் சொல்ல முடியாது. அம்மிச்சியின் சொல்லை மேல்பூச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமான காயத்துக்கு அதுவும் கூடாது.

மேய்ச்சலுக்குப் போன மாடு இரை எடுக்கவில்லை, கண் மஞ்சளாக இருக்கிறது. வெயிலா? (பர்கூர் மலை)

உண்ணித் தழை தின்றிருக்கலாம். கல்லீரல் கெட்டதும் பச்சைத் தீவனத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருள் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். அதன்பின் வெயில் பட்டால் தோல் வெந்து வெடிக்கும். வெள்ளைத் திட்டு உள்ள இடத்திலும் மூக்கு, மடியிலும்தான் முதலில் தெரியும். பலர் இதை வெறும் வெயில்கொப்புளம் என்று விட்டு மாட்டை இழக்கிறார்கள். உடனே நிழலில் கட்டுங்கள், கால்நடை மருத்துவரை அழையுங்கள். இரைப்பையில் தழை கிடக்கும்வரை நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நஞ்சை உறிஞ்சும் மருந்துக்கரி (activated charcoal) எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. புல் காய்ந்த மாதங்களில் வேறு வழியில்லாமல்தான் மாடு இதில் வாய் வைக்கிறது. வெளியூரிலிருந்து வாங்கி வந்த புது மாட்டின்மேல் கூடுதல் கண் வையுங்கள்.

குழந்தைகள் உண்ணிப் பழம் தின்கிறார்கள். (மேட்டுப்பாளையம்)

கறுத்துப் பழுத்ததை ஊர்ப்பிள்ளைகள் காலங்காலமாகத் தின்கிறார்கள். பச்சைக்காய் ஆகாது. அதைத் தின்று வாந்தியோ மயக்கமோ வந்தால் நேரே மருத்துவமனைதான்.

கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) உண்ணியை உயிர்வேலியாக வைக்கலாமா? (காங்கேயம்)

தயவுசெய்து வேண்டாம். வேலிக்கென்றே கிளுவை மரம் இருக்க இது எதற்கு? கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று விதையைக் காடெல்லாம் போடும். சத்தியமங்கலம் காட்டில் புல் முளைக்க வேண்டிய இடத்தை இது பிடித்திருப்பதைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

வெட்டினாலும் எரித்தாலும் துளிர்க்கிறதே? (கடம்பூர்)

அடிக்கட்டை மண்ணில் இருந்தால் துளிர்க்கத்தான் செய்யும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். காய் பிடிக்கும் முன்பே செய்யுங்கள். அப்புறம் அந்த இடத்தை வெறுமனே விடாமல் நாட்டுப் புல் விதையைத் தூவுங்கள். அடுத்தடுத்த மழைகளில் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும்.